மலைக் குட்டை மீனும் ஏரி மீனும்

மார்ச் 4
கட்டுரையை ஐந்தாவது முறையாகப் படித்தேன். குறை ஒன்றும் தெரியவில்லை. அப்படியும் உள்ளுக்குள் ஏதோ அரிக்கிறது.

விரல் நீளம்கூட இல்லாத மீன். ஏரியில் அதைத் தின்னப் பெரிய மீன் உண்டு. அங்கே அதன் உடம்பு அகன்றிருக்கிறது, வாயில் சுலபமாக அடங்காது. மேலே மலைக் குட்டையில் தின்ன ஆளில்லை; அதே இனம் அங்கே மெலிந்து கிடக்கிறது. இரண்டின் முட்டைகளையும் கொண்டுவந்து ஆய்வகத்தில் ஒரே மாதிரித் தொட்டிகளில் வளர்த்தேன். அப்போதும் ஏரிக் குஞ்சு அகலம், மலைக் குஞ்சு மெலிவு. ஆக, வித்தியாசம் பிறப்பிலேயே இருக்கிறது. மூன்று வருட உழைப்பு இந்த ஒரு வரிதான். இது அச்சானால்தான் ஜூனுக்கு மேல் எனக்கு வேலை.

மார்ச் 7
பேராசிரியர், "பிரமாதம்மா. அடுத்த வாரம் அனுப்பிடலாம்" என்றார். வீட்டில் இவரிடம் சொன்னேன். "உன் மீனுங்க நம்மளக் காப்பாத்திடுச்சுங்க" என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஏன்?

மார்ச் 9
தொட்டிகளைக் கவனிக்கும் அண்ணன் வடிகட்டி கழுவிக்கொண்டே பேச்சுவாக்கில் சொன்னார்: "ஏரிக் குஞ்சுத் தொட்டி வரிசைக்கு இந்தப் புது மோட்டார் தேவல மேடம். பழசு எரிஞ்சப்ப அந்தக் கோடியில இருக்கற பெரிய மீன் தொட்டியோட இணைச்சு, அந்தத் தண்ணியிலயே ஓட்டினோமே."

"எப்போ?"

"குஞ்சு பொரிச்ச புதுசுல. நீங்கதான் ரெண்டு நாளைக்குன்னு சொன்னீங்க. மூணு மாசம் ஓடிடுச்சு."

நான்தான். என் கையால்தான் அந்தக் குழாயைச் சொருகினேன். மறுநாள் மலைக்குப் போனவள் அடியோடு மறந்துவிட்டேன்.

பெரிய மீனின் வாசனை தண்ணீரில் கலந்தாலே உடம்பை அகலப்படுத்திக்கொள்ளும் மீன்கள் உண்டு. ஏரிக் குஞ்சுகள் மூன்று மாதம் அந்த வாசனையில் வளர்ந்திருக்கின்றன. மலைக் குஞ்சுகள் சுத்தத் தண்ணீரில். அப்புறம் என்ன பிறப்பு, என்ன மண்ணாங்கட்டி.

மார்ச் 10
அண்ணனுக்கு இதன் அர்த்தம் தெரியாது. நான் வாயை மூடிக்கொண்டால்? என் முடிவு சரியாகவும் இருக்கலாமே? இருக்கலாம். ஆனா எனக்குத் தெரியாதே. தெரியாதுங்கறது மட்டும் நல்லாத் தெரிஞ்சுபோச்சே —

மார்ச் 11
பேராசிரியர் அறை வாசல்வரை போய்த் திரும்பினேன். இரண்டு தடவை.

மார்ச் 12
சொல்லிவிட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். "இத யாரும் கண்டுபிடிக்க மாட்டாங்களேம்மா."

"நான் கண்டுபிடிச்சிட்டேனே சார்."

மலையிலிருந்து புது முட்டைகள் கொண்டுவந்து, பாதியை வாசனைத் தண்ணீரில் வளர்த்துப் பார்க்கலாம் என்றேன். நாலு மாதம் ஆகும். "உன் வேலை ஜூனோட முடியுது" என்றார். கட்டுரையை நிறுத்திவைத்தார்; தொட்டிகளை மட்டும் நான் போன பிறகும் விட்டுவைக்கச் சம்மதித்தார்.

மார்ச் 18
முட்டைகள் வந்தன. பாதித் தொட்டிகளைப் பெரிய மீன் தொட்டியோடு இணைத்தோம். ஒவ்வொரு குழாயிலும் சீட்டு ஒட்டி, தேதி போட்டு, கையெழுத்தும் போட்டேன். "கோர்ட்டு கேஸா மேடம்?" என்றார் அண்ணன்.

ஜூன் 30
மேஜையைக் காலி செய்தேன். இவர் ஒரு வார்த்தை குத்திக்காட்டவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை. நாலு வார்த்தை திட்டியிருக்கலாம்.

ஜூலை 19
மாலையில் பேராசிரியர் போன். நான் பள்ளிப் பிள்ளைகளின் நோட்டுகளைத் திருத்திக்கொண்டிருந்தேன். "நூத்தி இருபது குஞ்சும்மா. நானே அளந்தேன்." எண்களைச் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டேன். சுத்தத் தண்ணீரில் வளர்ந்தவை மெலிவு. வாசனைத் தண்ணீரில் வளர்ந்தவை ஏரி மீன் போலவே அகலம். எதிரியைக் கண்ணால் பார்க்காத பரம்பரை. எதிரி வந்தால் என்ன செய்வதென்று மட்டும் மறக்கவில்லை.

போனை வைத்ததும் இவர் எட்டிப் பார்த்தார். "என்ன, வேலை திரும்பக் கிடைச்சுதா?"

"இல்ல. நான் எழுதினது தப்புன்னு தெரிஞ்சுபோச்சு."

"அதுக்கா இவ்வளவு சிரிப்பு?"

ஆமாம் என்றேன். இவர் நோட்டுகளை நகர்த்திவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து, முதலிலிருந்து சொல்லச் சொன்னார்.