வளையலில் சுற்றிய துணி

அக்கா,

இன்று குற்றாலத்தில் சாரல். கடைத்தெருவில் ஒரு பெண் மணிக்கட்டு நிறையக் கண்ணாடி வளையல் ஏற்றிக் குலுக்கிப் பார்த்தாள். குடையை விரிக்கக்கூடத் தோன்றாமல் நனைந்துகொண்டே நின்றேன்.

தென்காசி பீடிக் கம்பெனியில் நீ கட்டுகளுக்கு லேபிள் ஒட்டினாய். நான் வருகைப் பதிவேடு எழுதினேன். பிள்ளை உண்டானது தெரிந்தால் முதலாளி வேலையை விட்டு நிறுத்திவிடுவார். அத்தானோ படுத்த படுக்கை. உன் சம்பளத்தில்தான் வீட்டில் உலை கொதித்தது. ஏழாம் மாதம் வரை சேலைத் தலைப்பை இழுத்துச் செருகியே சமாளித்தாய். வளைகாப்பு வளையலைப் பேறுகாலம் வரை கழற்றக்கூடாதே. சத்தம் வராமலிருக்கப் பழைய வேட்டித் துணியைச் சுற்றிக்கொண்டு வந்தாய். கேட்டவர்களிடம், “பசை கொதிக்கையில சுட்டுட்டு” என்றாய்.

நான் பேப்பர் படிக்கும் மேதாவி. பிள்ளைத்தாய்ச்சியை நீக்கக்கூடாது, சம்பளத்தோடு விடுப்பு தரவேண்டும் என்ற சட்டம் பீடிக் கம்பெனிக்கும் வந்துவிட்டது என்று படித்த அன்றே உன்னிடம் ஓடி வந்தேன்.

“சட்டமே வந்தாச்சு. இன்னும் எதுக்குக்கா ஒளிக்கே?”

“சட்டம் பேப்பர்லதானட்டி வந்திருக்கு. இங்கன வரட்டும்” என்று சிரித்தாய். நான்தான் பிடிவாதமாக முடிச்சை அவிழ்த்தேன்.

சாயங்காலத்துக்குள் சத்தம் முதலாளி காதுக்கு எட்டிவிட்டது. அவரும் பேப்பர் படித்திருந்தார். “தானா நின்னுட்டான்னு எழுது” என்றார் என்னிடம். நான் உன்னைப் பார்த்தேன். “எழுதுட்டி. ஒன் வேலையும் போயிரக் கூடாதுல்லா” என்றாய். எழுதினேன்.

நீ விடவில்லை, மனுக் கொடுத்தாய். லேபர் அதிகாரி வந்து பதிவேட்டைப் புரட்டி, “இது நிஜந்தானா?” என்று என்னைக் கேட்டார். நீ வாசலில் நின்றாய். ஆமாம் என்று தலையாட்டினேன். கோழை நான், அக்கா. அதன் பிறகும் தெருவில் பார்த்தால் “சாப்ட்டியாட்டி?” என்றுதான் கேட்டாய். ஒரு தடவை திட்டித் தீர்த்திருக்கலாம்.

நீ கண்ணை மூடிய பதினாறாம் நாள், அன்று அவிழ்த்ததிலிருந்து என்னிடமே இருந்த அந்தத் துணியை எடுத்துக்கொண்டு உன் வீட்டுக்கு வந்தேன். அன்று உன் வயிற்றில் இருந்த மகள் காப்பி கொடுத்துவிட்டுக் கேட்டாள்: “அம்மா ஏன் சித்தி அந்த வேலைய விட்டா?”

துணி என் மடியில்தான் இருந்தது. “தானா நின்னுட்டா” என்றேன்.