முதலில் பிழையாகச் சொல்லுங்கோ

என் அன்பு மச்சாளுக்கு,

நீ தொடங்கிய ஞாயிறு வகுப்பு பாரிஸ் லாச்சப்பலில், புடவைக்கடைக்கு மேலே அதே அறையில் இன்னும் நடக்கிறது. பிரெஞ்சுக் குடியுரிமை நேர்முகத்துக்குப் போகிறவர்கள் வந்து புரட்சி, குடியரசு, ஆறுகள் என்று மனப்பாடம் செய்கிறார்கள். நேரம் வைத்துக் கேள்வி கேட்பது இப்போதும் நான்தான்.

"மணிக்கூட்டைப் பாக்காதை, அவையின்ரை முகத்தைப் பாரடி. கம்பசிலை உதைச் சொல்லித் தரேல்லையோ?" என்று என் பல்கலைக்கழகப் படிப்பைச் சீண்டுவாய். முகத்துக்கும் நினைவுக்கும் என்ன தொடர்பு என்று நான் கேட்பேன். எத்தனை ஞாயிறுகள் இப்படியே போயின?

நீ இந்த உலகை விட்டுப் போனபின் வந்தவர் வசந்தியக்கா. புறநகரான வில்லியே லே பெல்லில் வீடு, இங்கே ஒரு உணவகச் சமையலறையில் வேலை. முன்பு ஒரு நேர்முகத்தில் ஒரு கேள்விக்குப் பதில் தெரியாமல் போக, அதன்பின் வாயே திறக்கவில்லையாம். விண்ணப்பத்தை நிராகரித்துவிட்டார்கள். இந்த முறையும் அப்படியானால் இனிக் கேட்கவே மாட்டேன் என்று சொல்லிக்கொண்டுதான் வந்தார்.

வகுப்பிலும் மௌனம். மறதி என்று நினைத்து நான் கேள்விகளைக் கூட்டினேன், மௌனமும் கூடியது. கடைசியில், "அக்கா, கேள்வி கேக்கேக்கை உங்களுக்கு என்ன செய்யுது?" என்றேன்.

"மறக்கேல்லைப் பிள்ளை. பிழைச்சால் இவையள் சிரிப்பினமெண்டு பயமாக்கிடக்கு."

உன் பழைய யோசனையை அன்றுதான் எடுத்தேன்: முதல் சுற்றில் எல்லோரும் வேண்டுமென்றே பிழையாகச் சொல்லவேண்டும். பிழையே மனதில் பதிந்துவிடுமே என்ற சந்தேகம் எனக்கு இன்னும் உண்டு.

"புரட்சி எங்கை நடந்தது?"

"ஸ்தேன் சந்தையிலை, கத்தரிக்காய் மலிஞ்ச அண்டைக்கு!" என்று புறநகர்க் காய்கறிச் சந்தையை இழுத்தார் வசந்தியக்கா. அறை முழுக்கச் சிரிப்பு, அவருக்கும்தான். அடுத்த சுற்றில் சரியான பதில்கள் ஒவ்வொன்றாக வந்தன.

எல்லோருக்கும் இது பொருந்தவில்லை, மச்சாள். "நான் இஞ்சை பகிடி விட வரேல்லை, நேரத்தை வையும்" என்றார் அதே வகுப்பில் படிக்கும் சிவமண்ணை. மணிக்கூடு ஓடினால்தான் அவருக்கு உற்சாகம். இல்லாவிட்டால் அலுத்துப்போய், தெரிந்ததையும் விட்டுவிடுவார். அதனால் அவருக்கு மணிக்கூடு, அக்காவுக்கு இல்லை. ஒவ்வொரு சுற்று முடிந்ததும் எப்படி இருந்தது என்று கேட்டுவிட்டுத்தான் அடுத்ததை அமைக்கிறேன்.

போன வாரம் நேர்முகம் முடிந்ததும் வாசலில் நின்றே அக்கா தொலைபேசி எடுத்தார்.

"ஒண்டு தெரியேல்லைப் பிள்ளை. தெரியாதெண்டு சொன்னன். அந்த அதிகாரி அடுத்ததைக் கேட்டா. அதுக்குச் சொன்னன்."

"முடிவு?"

"வரட்டும். இல்லையெண்டால் திரும்ப விண்ணப்பம் போடுவன்."

பிழைவிட்டுப் பழகியதாலா, சிரித்ததாலா, இரண்டாம் தடவை என்பதாலா? எனக்குத் தெரியாது. நீ இருந்திருந்தால் அடித்துச் சொல்லியிருப்பாய். ஆனாலும் அன்று மாலை நான் நிம்மதியாகத் தேநீர் குடித்தேன்.

வரும் ஞாயிறு புதியவர்கள் வருகிறார்கள். எதற்குப் பயம், எதில் அலுப்பு என்று அவர்களிடம் கேட்காமல் பாடத்தைத் தொடங்கமாட்டேன். இது உனக்குத் தரும் வாக்கு.

இன்னும் உன்னோடு வாதாடிக்கொண்டிருக்கும்
உன் மச்சாள்