பிணத்துக்குப் புட்டிங் பரிமாறிய படம்

டிசம்பர் 17, 1957. செவ்வாய்.

விடிந்ததிலிருந்து மழை. காஜா பெராங் சாலையில் கணுக்கால் அளவு தண்ணீர். பள்ளி விடுமுறை. ஆகவே நனைவதற்கு ஆஸ்பத்திரி ஒன்றுதான் காரணம்.

அக்காவுக்குக் கொண்டுபோனவை: அவித்த முட்டை, ஆரஞ்சு, அம்மா அரைத்த மல்லித் துவையல் (வார்டுச் சாப்பாடு சப்பென்று இருக்கிறதாம்), பழைய வார இதழ்கள், கம்பளிக் காலுறை. மறந்தது: தலைக்கு எண்ணெய்.

காசநோய் வார்டில் கிறிஸ்துமஸ் அலங்காரம். மெர்டேகா சுதந்திர நாளுக்குத் தொங்கவிட்ட காகிதக் கொடிகளை இன்னும் யாரும் கழற்றவில்லை. அவற்றின் மேலேயே நர்ஸ் மிஸ்ஸிமார் பஞ்சு ஒட்டுகிறார்கள். பனியாம். அக்கா சொன்னாள்: "போன வாரம் ஊசி குத்துன எடத்தைத் தொடைக்கப் பஞ்சு இல்லன்னாங்க. பனி பேய மட்டும் இருக்கு பாரு."

அதையே மலாயில் பக்கத்துக் கட்டிலுக்கும் சொன்னாள். அங்கே இருப்பவரை வார்டு முழுக்க பிபி என்று கூப்பிடுகிறது. தலைமுறைகளாக மலாய் பேசும் செட்டிக் கம்பத்து அம்மாள். நம் சாமிகளைத்தான் கும்பிடுகிறார், கழுத்தில் அம்மன் டாலர், ஆனால் தமிழ் வராது. எதையும் அக்கா அவருக்கு மறுபடி மலாயில் சொல்லவேண்டும். இரண்டாம் தடவை இன்னும் நன்றாகச் சொல்வாள்.

எனக்கு ஓர் உத்தரவு. கொட்டகையில் புது இங்கிலீஷ் படம். சுவரொட்டியில் கிறிஸ்துமஸ் தாத்தாவின் மூட்டை, மூட்டைக்கு வெளியே ஒரு கை தொங்குகிறது.

"பார்த்துட்டு வந்து சொல்லு."

"பேய்ப் படமா சிரிப்புப் படமான்னே தெரியலையே அக்கா."

"ரெண்டும்னா இன்னும் நல்லதுலா. ஒண்ணையும் விடாதே. டீச்சர் மாதிரி நல்லது கெட்டது பார்த்து வெட்டாதே."

நான் வெட்டியதில்லை. அவள் வார்டுக்கு வந்த நாளிலிருந்து நான் பார்ப்பதும் அவள் கேட்பதும் வழக்கம். கதாநாயகன் செத்தால் செத்தான் என்றே சொல்வேன். அந்த ஒரு விஷயத்தில் என்னை நம்பலாம் என்று ஊருக்கெல்லாம் சொல்லியிருக்கிறாள்.

ஜனவரியில் கோலாலம்பூரில் நுரையீரல் ஆப்பரேஷன். அது முடிந்து தேறியபிறகு தன் மகள் பாப்பாவைப் பார்ப்பது என்று வைத்திருக்கிறாள். பாப்பா தம்பின் ஊரில், அத்தானோடும் அவர் அம்மாவோடும். பிள்ளைகளை வார்டுக்குள் விடமாட்டார்கள். புல்தரையில் நிறுத்தி ஜன்னல் வழியாகக் காட்டட்டுமா என்று அத்தான் கேட்டார். வேண்டாம் என்றது அக்காதான். "எலும்பும் தோலுமா என்னைப் பார்த்து மனசுல வெச்சுக்க வேணாம். ஒடம்பு தேறட்டும்."

டிசம்பர் 19. வியாழன்.

மேட்னி. மேரி டீச்சரோடு. துணைக்குக் கிறிஸ்தவர் ஒருவர் வந்தால் பண்டிகை விவரம் புரியும் என்று அம்மாவிடம் சொன்னேன். அம்மா நம்பவில்லை, அனுப்பினாள்.

படம், மறப்பதற்கு முன்:

இங்கிலாந்து. பனி. பெரிய வீடு. கிறிஸ்துமஸ் விருந்துக்கு உறவெல்லாம் கூடுகிறது. விருந்துக்குச் சற்று முன் நாற்காலியில் உட்கார்ந்தபடியே ஒரு மாமா செத்துப்போகிறார். விஷம். வீட்டுக்காரம்மாளுக்குத் தெரியும், விருந்து கெட்டுவிடக் கூடாது என்று வெளியே சொல்வதில்லை. பிணத்தின் தலையில் காகிதக் கிரீடம் வைக்கிறாள். எல்லோரும் அவரோடு பேசுகிறார்கள். அவர் தட்டில் புட்டிங் வைக்கிறார்கள். "இன்னும் கொஞ்சம்?" என்று கேட்டு மறுபடி வைக்கிறார்கள். பிறகு அத்தை. பிறகு பாதிரியார். ஒவ்வொரு தடவையும் வாசலில் பாட்டுக்காரர்கள் வந்துவிடுகிறார்கள், பிணத்தைப் பியானோவுக்குப் பின்னால் தள்ளிவிட்டு இவர்களும் சேர்ந்து பாடுகிறார்கள். உண்மையைச் சொல்கிறவள் வேலைக்காரப் பெண் ஒருத்திதான். வாய்த்துடுக்கு. யாரும் காதில் வாங்குவதில்லை.

முடிவு: அவள் பனியில் ஓடுகிறாள். காட்சி மாறுகிறது. அடுத்த கிறிஸ்துமஸ். அதே மேசை. காகிதக் கிரீடங்களோடு வரிசையாகப் பிணங்கள், கடைசி நாற்காலியில் அவள். வீட்டுக்காரம்மாள் புட்டிங் பரிமாறுகிறாள். மணி அடிக்கிறது.

கொட்டகையே சிரித்தது. நானும். விளக்குப் போட்டதும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

திரும்பும்போது மேரி டீச்சர்: "எங்க வீட்டுலயும் அப்படித்தான் டீச்சர். அன்னிக்கு யாரும் மூஞ்சியைத் தூக்கக் கூடாது. ஒரு வருஷம் பெரியப்பாவுக்கு நெஞ்சுவலி. கேக் வெட்டி முடியட்டும்னு பேசாம இருந்தாரு."

"அப்புறம்?"

"வெட்டி முடிச்சோம். அவரும் முடிஞ்சாரு."

சொல்லிவிட்டு அவரே சிரித்தார். பாசார் பக்கம் பிரிந்து போனார். எண்ணெய் வாங்கினேன்.

டிசம்பர் 20. வெள்ளி.

படத்தில் பாதி சொன்னேன். பாதிரியார் பியானோவுக்குப் பின்னால் போகிற வரை. அக்கா சிரித்துச் சிரித்து இருமல் வந்து, சளி துப்புகிற மூடி போட்ட கிண்ணத்தைக் கையில் பிடித்துக்கொண்டும் சிரித்தாள். எதிர்வரிசை சீனப் பெண் என்ன என்று கையால் கேட்டாள். பிபி தலையில் துண்டைக் கிரீடமாக வைத்து, கண்ணை மேலே செருகி, வாயைப் பிளந்து காட்டினார். சீனப் பெண்ணுக்கும் புரிந்துவிட்டது. வார்டில் இத்தனை சிரிப்பு கேட்டதில்லை. மிஸ்ஸி வந்து திட்டினாள், எனக்குத்தான் அதிகம்.

அக்கா: "அந்த செத்த மாமா கொடுத்துவெச்ச ஆளுலா. 'இன்னிக்கு எப்படி இருக்கு, முகம் தெளிஞ்சிருக்கே'ன்னு ஒருத்தரும் கேக்கல. நல்லாருக்கேன்னு சிரிக்கவும் வேணாம்."

"அவரு செத்துட்டாரு அக்கா."

"அதைத்தான் சொல்றேன்."

வேலைக்காரப் பெண்ணை அவளுக்குப் பிடித்துவிட்டது. மீதியை ஞாயிற்றுக்கிழமைக்கு வைத்துக்கொள்ளச் சொன்னாள். ஞாயிறு நீளமாம்.

டிசம்பர் 21. சனி.

டாக்டர், அப்பாவையும் என்னையும் அறைக்குக் கூப்பிட்டார். வெளிச்சப் பெட்டியில் இரண்டு எக்ஸ்ரே. முன்பு இடது பக்கம் மட்டும். இப்போது வலதும். ஊசிக்கு நோய் கேட்கவில்லை. கோலாலம்பூர் போவதற்கு இல்லை, ஆப்பரேஷன் தாங்காது.

அப்பா எஸ்டேட்டில் கணக்கெழுதும் கிராணியாக இருந்தவர், இங்கிலீஷ் நன்றாகத் தெரியும். ஆனாலும் என் முகத்தைப் பார்த்தார், நான் மொழிபெயர்த்தால் வேறு மாதிரி வரும் என்பதுபோல.

எவ்வளவு காலம் என்று நான்தான் கேட்டேன். அடுத்த மழைக்காலத்தைப் பற்றி வாக்குக் கொடுக்க முடியாது என்றார். நோயாளியிடம் சொல்வதா வேண்டாமா என்பது குடும்பத்தின் விருப்பம் என்றார்.

சைக்கிள் நிறுத்தும் இடத்தில் அப்பா: "அவகிட்ட மூச்சு விடக் கூடாது. பண்டிகையெல்லாம் கழியட்டும்."

"நமக்கு என்ன பண்டிகைப்பா இப்ப?"

"பொங்கல் வருதுல்ல."

பொங்கலுக்குப் பிறகு தைப்பூசம் வரும். பிறகு சித்திரை. சொல்லவில்லை.

வார்டுக்குள் போகாமல் திரும்பினோம். ரவிக்கை பின்புறம் ஈரம். மழையில்லை, வேர்வை. வீட்டுக்கு வந்ததும் அப்பா அம்மாவைப் பின்கட்டுக்குக் கூப்பிட்டுச் சொன்னார். ஆட்டுக்கல் சத்தம் நின்றது. கொஞ்ச நேரத்தில் மறுபடி தொடங்கியது.

டிசம்பர் 22. ஞாயிறு.

பொய் சொன்னேன்.

அக்கா தலைவாரி, பவுடர் போட்டு, தலையணையில் சாய்ந்து தயாராக இருந்தாள். முதலில் கேட்டது: "டாக்டர் கூப்பிட்டாராமே?" சாதாரணமாகத்தான், படம் எப்படா தொடங்கும் என்கிற அவசரத்தில். ஆப்பரேஷன் தேதி இன்னும் வரவில்லை என்றேன். தலையாட்டினாள். படத்துக்கு வந்தேன்.

நன்றாகவே போனது. பனியில் அவள் ஓடுகிற இடம் வரை. அக்கா போர்வையைக் கையில் சுருட்டிப் பிடித்திருந்தாள். வாய் தானாக வேறு பக்கம் திரும்பிவிட்டது. ஓடினாள், ஸ்டேஷன் வந்தது, ரயில் நின்றது, ஏறிவிட்டாள். ஜன்னலோரம் உட்கார்ந்து சிரித்தாள். சுபம்.

"ஏறிட்டாளா?"

"ஏறிட்டா."

"அந்தப் பொம்பளை?"

"போலீஸ்."

அக்கா சுருட்டிய போர்வையை நீவி விட்டாள். "நல்ல படம்," என்றாள். பிறகு பிபிக்கு மலாயில் சொல்லத் தொடங்கினாள். கூஜாவில் தண்ணீர் பிடிக்கிற சாக்கில் எழுந்து வெளியே போனேன்.

டிசம்பர் 23. திங்கள்.

ஆஸ்பத்திரிக்கு அம்மா போனாள். எனக்குத் தலைவலி (உண்மை).

வெறும் பேய்ப் படங்கள் எனக்குப் பிடிப்பதில்லை. இருட்டு வீடு, ஊளை, வெள்ளைச் சேலை. எப்படியும் பயப்படத்தான் போகிறோம், எதற்குக் காசு கொடுத்து. இந்தப் படம் மட்டும் ஏன் விடமாட்டேன் என்கிறது? சந்தோஷமாக இருந்தே தீரவேண்டிய ஒரு நாள். சாப்பாடு, விளக்கு, பாட்டு, சிரித்த முகங்கள். நடுவில் ஒரு பிணம். அதைப் பிணம் என்று சொல்லிவிட்டால் நாள் கெட்டுவிடும். ஆகவே புட்டிங். அந்தச் சிரிப்பு பிணத்தைப் பார்த்து வருவதில்லை, கரண்டியைப் பார்த்து வருகிறது. பயமும் கரண்டியைப் பார்த்துத்தான். நல்ல மனிதர்கள், அன்பானவர்கள், இன்னும் கொஞ்சம் என்று கேட்கிறார்கள்.

தீபாவளியும் ஒரு சாவுக்காகத்தான். அசுரன் செத்த நாளுக்கு எண்ணெய் தேய்த்துக் குளித்து அதிரசம் தின்கிறோம். அவனைப் பற்றி யாரும் படம் எடுத்துச் சிரிக்கக் காணோம்.

அம்மா திரும்பி வந்து: "முகம் தெளிஞ்சிருக்குடி இன்னிக்கு." அதையே அவளிடமும் சொல்லிவிட்டுத்தான் வந்திருப்பாள்.

அரிசியில் வண்டு. வெயிலில் போடவேண்டும், வெயில் வந்தால்.

டிசம்பர் 24. செவ்வாய்.

போர்த்துகீசியக் குடியிருப்பிலிருந்து பாட்டுக்காரர்கள் வந்திருந்தார்கள். வராந்தாவில் நின்றே பாடினார்கள், உள்ளே வர அனுமதி இல்லை, சிலர் மூக்கில் கைக்குட்டை. வயலின்காரக் கிழவர் மட்டும் கைக்குட்டை இல்லாமல். நன்றாக வாசித்தார்.

பாட்டு ஓடும்போதே அக்கா கேட்டாள், என்னைப் பார்க்காமல்: "அந்த வேலைக்காரி ரயில் ஏறுனா இல்ல? எந்த ஊருக்கு?"

"லண்டன்."

"லண்டனுக்கா." பாட்டுக்காரர்களுக்குக் கை தட்டினாள். "நேத்து பிபியோட மகன் வந்தான். அம்மா படக்கதை சொன்னாங்களாம், அவன் சிரிக்கிறான். அவனும் பார்த்திருக்கான். ரயிலே கெடையாதாம்லா அந்தப் படத்துல."

பிபி பக்கம் பார்த்தேன். அவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

"மேசையில கடைசியா உக்காந்திருக்காளாம். காகிதத் தொப்பி வெச்சுக்கிட்டு."

"அக்கா, அது..."

"இத்தனை மாசமா எத்தனை படம் சொல்லியிருப்பே. ஒருத்தரையாவது காப்பாத்துனியா? அந்த ராணுவக்காரனைச் சாகடிச்சே. ரெட்டைப் பிள்ளையில ஒண்ணைச் சாகடிச்சே. அழுதேன், அப்பவும் மாத்திச் சொல்லல. இவளை மட்டும் ஏன் காப்பாத்துனே?"

பாட்டு முடிந்து அடுத்தது தொடங்கியது. எல்லோரும் சிரித்த முகத்தோடு வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"டாக்டர் என்ன சொன்னாரு?"

கூஜாவின் மூடியைத் திறந்து மூடினேன்.

"சரி, சொல்லாதே. அப்பா சத்தியம் வாங்கியிருப்பாரு. ரெண்டு பக்கமுமா?"

தலையாட்டினேனா, தெரியவில்லை. ஆட்டியிருக்க வேண்டும்.

அவள் அழவில்லை. கோபம்தான். ஆனால் தாழ்ந்த குரலில், பாட்டுக்குத் தொந்தரவு இல்லாமல். "தேறட்டும் தேறட்டும்னு புள்ளையைப் பார்க்காம ஒத்திப் போட்டுக்கிட்டே இருந்தேன். நீங்க எல்லாரும் பார்த்துக்கிட்டே இருந்தீங்க. பொங்கல் வரைக்கும் விட்டிருப்பீங்க. அதுக்கப்புறமும் விட்டிருப்பீங்க. அதுக்குள்ள எனக்கு எழுந்து ஜன்னலுக்கு வர முடியுமா, முடியாதா? அதையாவது யோசிச்சியா?"

யோசிக்கவில்லை. இவ்வளவு படித்தும்.

"பாப்பாவைக் கூட்டிட்டு வா. எனக்கு நிக்க முடியறப்பவே."

மிஸ்ஸி கட்டில் கட்டிலாகக் கேக் துண்டு கொடுத்துக்கொண்டு வந்தாள். அக்கா வாங்கிக்கொண்டாள். தேங்க்யூ சொன்னாள்.

டிசம்பர் 25. புதன்.

எங்கும் மணி. வீட்டில் சண்டை.

அப்பா: "நீ சொன்னியா?"

"நான் சொல்லலப்பா."

"பின்ன எப்படித் தெரிஞ்சுது?"

"படத்துல ஒரு பொண்ணைக் காப்பாத்திட்டேன்."

என்னையே பார்த்தார். விளக்கம் கேட்கவில்லை. செருப்பைப் போட்டுக்கொண்டு தெருவில் இறங்கி, கொஞ்சம் நின்று, திரும்பி வந்து செருப்பைக் கழற்றினார்.

பாப்பாவைக் காட்டுவதில் அவருக்கு இஷ்டமில்லை. "நம்பிக்கை போயிரும் அவளுக்கு." போய்விட்டது என்று சொன்னது நான் அல்ல, அம்மா. அடுப்படியிலிருந்து, வெளியே வராமல். "அவ கேட்டதைச் செய்யுங்க."

அப்பா அத்தானுக்குத் தந்தி கொடுக்கப் போனார். தந்தி ஆபீஸ் மூடியிருந்தது. கிறிஸ்துமஸ்.

டிசம்பர் 27. வெள்ளி.

பெரிய மிஸ்ஸியிடம் அனுமதி. புல்தரையில் நிற்கலாம், வராந்தாப் படிக்கு மேல் வரக் கூடாது. அத்தான் பதில் தந்தி: நாளை முதல் பஸ்ஸில் வருகிறார்.

அக்காவுக்கு இரவிலிருந்து காய்ச்சல். நிற்க முடியுமா என்று கேட்டேன். "நிக்க வெச்சு அந்தத் தொப்பியைப் போட்டு விடுங்கலா, யாருக்கும் தெரியாது" என்றாள். சிரித்துவிட்டேன். அவளும். இந்த வாரத்தில் நாங்கள் சேர்ந்து சிரித்தது அதுதான்.

கொண்டுபோக வேண்டியவை: அவளுடைய மஞ்சள் புடவை, பொட்டு, கண்ணாடி.

டிசம்பர் 28. சனி.

காலையிலிருந்து வெயில். அரிசியைக் காயப் போட்டாள் அம்மா.

பாப்பா வளர்ந்துவிட்டாள். பஸ்ஸில் வாந்தி எடுத்ததால் கவுனை மாற்றி, என் கையைப் பிடித்தபடி வந்தாள். அத்தான் வெளி கேட்டிலேயே நின்றுவிட்டார். முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார், அப்பா அவர் பக்கத்தில்.

ஜன்னல்களில் பெண்கள். விஷயம் வார்டு முழுக்கத் தெரிந்திருக்கிறது, எழுந்து நிற்க முடிந்தவர்கள் எல்லோரும் வந்து நின்றார்கள், எல்லோரும் கையசைத்தார்கள். பிபி, சீனப் பெண், பெயர் தெரியாதவர்கள். நடுவில் மஞ்சள் புடவை, மிஸ்ஸி பின்னாலிருந்து தாங்கிப் பிடித்திருந்தாள்.

"எது அம்மா?"

"மஞ்சள் புடவை."

பாப்பா பார்த்தாள். யாருக்கென்று இல்லாமல் பொதுவாகக் கையசைத்தாள். பிறகு குனிந்துகொண்டாள். நேற்றைய மழையில் கால்வாய் ஓரம் நத்தைகள் ஏறியிருந்தன. ஒன்றை எடுத்துக் கொம்பைத் தொட்டாள், அது உள்ளே இழுத்துக்கொண்டது, காத்திருந்தாள், மறுபடி தொட்டாள். மேலே பார் மேலே பார் என்று நான் சொல்லிக்கொண்டே இருந்தேன். அவளுக்கு நத்தைதான். அக்கா அசையாமல் பார்த்துக்கொண்டிருந்தாள், கையைக்கூட அசைக்காமல், அந்த உச்சந்தலையை.

கொஞ்ச நேரம் கழித்து ஜன்னலில் மஞ்சள் இல்லை. மிஸ்ஸி வராந்தாப் படிக்கு வந்தாள்.

"அக்கா சொல்லச் சொன்னாங்க. மழை வருதாம், தலை நனைஞ்சா சளி பிடிக்குமாம், புள்ளையைக் கூட்டிட்டுப் போகணுமாம்."

பாப்பா நத்தையைக் கீழே வைத்துவிட்டு அண்ணாந்து பார்த்தாள். கண் கூசியது அவளுக்கு.

"எங்க சின்னம்மா மழை?"

"வருது. நட."