எரியாத துண்டு

3-2-2025, திங்கள்

இன்று களையெடுக்கப் போகவில்லை. வயிற்றுவலி என்று சொல்லிவிட்டேன். வலி இல்லை, பயம்.

காலையில் போன் வந்தது. வீட்டுக்காரருக்கு ஈரலில் கட்டி எடுத்த ஆஸ்பத்திரியிலிருந்து மணிபாரதி என்ற பொண்ணு. ஆராய்ச்சிக்குப் படிக்கிறாளாம். அந்தக் கட்டியில் ஒரு துண்டு வாங்கி வைத்தார்களே, அது லேப்பில் ஒரு கண்ணாடித் தட்டில் நன்றாக வளர்கிறதாம். "உங்களாலதான்க்கா, தேங்க்ஸ்" என்றாள்.

வளர்கிறதா? அவர் போய்ப் பத்து மாசம். திருக்காஞ்சி ஆற்றில் சாம்பல் கரைத்தாயிற்று.

கையெழுத்து நான்தான் போட்டேன். ஒன்று விடாமல் படித்துக் காட்டினார்கள். நான் எங்கே கேட்டேன்? ஆபரேஷன் கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன். செத்த துண்டை வைத்து என்னமோ பார்ப்பார்கள் என்று நினைத்தேன்.

5-2-2025

சோறு இறங்கவில்லை. தட்டில் வளர்கிறது அவரா, அவரைத் தின்ற நோயா?

11-2-2025

தாங்க முடியாமல் அவருடைய அண்ணன் ஆதிமூலம் மாமாவிடம் சொல்லிவிட்டேன். சொல்லியிருக்கக் கூடாது. எனக்குத் தேவி ஒரே பொண்ணு. கொள்ளி வைத்தவர் மாமாதான். செய்த கருமாதி எல்லாம் வீண் என்கிறார்.

"தெவசத்துக்குள்ள அத்த எரிச்சாவணும். இல்லன்னா நான் பிண்டம் வக்கமாட்டேன். அவன் வூட்டச் சுத்தினு கெடந்தா நீயே பதில் சொல்லு."

12-2-2025

அவர் செருப்பு இன்னும் வாசலில்தான் கிடக்கிறது. இன்று அதைப் பார்க்க முடியவில்லை. உள்ளே எடுத்து வைத்தேன். பிறகு திரும்ப வெளியே வைத்தேன்.

20-2-2025, வியாழன்

நிறுத்தச் சொல்லத்தான் ஆஸ்பத்திரிக்குப் பஸ் ஏறினேன். மணிபாரதி நம்ம பக்கத்து ஊர், ஒதியம்பட்டுப் பொண்ணு. வேண்டாமென்றால் நிறுத்திவிடலாம், காரணம்கூடச் சொல்ல வேண்டாம் என்றாள். ஒருதரம் பார்க்கட்டுமா என்று கேட்டேன்.

இரண்டு தட்டு. இரண்டிலும் அவர் கட்டியிலிருந்து வளர்ந்து பரவியிருந்ததை முந்தாநாள் நடுவில் ஒரு கோடாகச் சுரண்டி எடுத்தார்களாம். மைக்ராஸ்கோப் குழாயில் கண்ணை வைத்தேன். முதல் தட்டில் கோட்டையே காணோம். கோரை வரப்புத் தாண்டி வருவது மாதிரி, இரண்டு பக்கமும் வந்து மூடிவிட்டது. இன்னொன்றில் கோடு அப்படியே வெறிச்சென்று கிடந்தது. ஓரத்தில் நாலைந்து புள்ளி, அவ்வளவுதான்.

"ஒரு ஜீன் இருக்குக்கா. வளரு, போ, வளரு, போன்னு சொல்லினே இருக்கும். இந்தத் தட்டுல அதோட வாய அடைச்சிட்டோம்."

செத்துவிட்டதா என்றேன். சாகவில்லை, அடங்கியிருக்கிறது என்றாள். அப்போ மருந்தா? இல்லையாம். தட்டில் மட்டும்தான் பார்த்திருக்கிறார்கள். மருந்தாகுமோ ஆகாதோ, அதற்கு எத்தனையோ வருஷமாம்.

எனக்கு அந்த முதல் தட்டுதான் கண்ணுல நிக்குது. அந்த வேகம் எனக்குத் தெரியும். ஈரல்ல அறுத்தாங்க, மூணு மாசத்துல நுரையீரல்ல வந்து நின்னுச்சு. அது அவரில்ல. அவரு சைக்கிள்ல போனாக்கூட கோழிக்கு வழி விட்டுட்டுப் போற ஆளு.

"முடிச்சிட்டு இன்னா செய்வீங்க?"

"எரிச்சிடுவோம்க்கா. எப்பவும் அதான்."

"நிறுத்த வேணாம், செய்யிங்க. எரிக்கிற நாள மட்டும் எனக்குச் சொல்லு."

21-2-2025

மாமாவிடம், எரித்துவிட்டார்கள் என்று சொன்னேன். பொய்.

16-4-2025

தெவசம். மாமா பிண்டம் வைத்தார். காக்கா வர ரொம்ப நேரமாயிற்று. எல்லோரும் என்னையே பார்க்கிற மாதிரி இருந்தது — தெரிந்துவிட்டதோ? கடைசியில் வந்தது. தின்றதா என்று நான் பார்க்கவில்லை.

10-6-2025, செவ்வாய்

நேற்று மணிபாரதி போன் செய்தாள். வேலை முடிந்துவிட்டதாம். இன்று பதினொரு மணிக்கு எரிக்கிறார்களாம். இந்த ஆராய்ச்சியைப் பற்றி நீங்கள் எழுதுவதில் அவர் பேர் வருமா என்று கேட்டேன். பேர் போட மாட்டார்களாம், ஒரு நம்பர்தானாம். அந்த நம்பரைக் கேட்டு இந்த நோட்டில் எழுதி வைக்கலாமா என்று நினைத்தேன். கேட்கவில்லை.

பதினொன்றானதும் பைப்படிக்குப் போய் இரண்டு குடம் தண்ணீரைத் தலையோடு ஊற்றிக்கொண்டேன்.

"இன்னாம்மா, காத்தாலதான குளிச்ச?" என்றாள் தேவி.

வெயில்டி என்றேன்.