இடது பக்கம் ஒரு சுற்று

ஜூலை 5, 2004. திங்கள்

லேபில் இன்றும் என் முறை வரவில்லை. ஏழு கம்ப்யூட்டர், அதில் மூன்று செத்துப்போனவை. நாற்பத்திரண்டு பேர், வாரத்துக்கு ஒரு பீரியட். செருப்பை வாசலில் விட்டு உள்ளே போவது, வரிசையில் நிற்பது, மணி அடித்ததும் வெளியே வந்து செருப்பைத் தேடுவது. பிளஸ் ஒன்னில் இதுவரை நான் படித்த கம்ப்யூட்டர் சயின்ஸ் இவ்வளவுதான்.

மத்தியானம் வேதா மிஸ் ஒரு நோட்டீஸ் வாசித்தார்கள். டவுனில் ஒரு கம்ப்யூட்டர் சென்டர் போட்டி வைக்கிறதாம். ஒன்பதாவது முதல் பிளஸ் டூ வரை யாரும் சேரலாம். நாமே ஒரு கேம் செய்ய வேண்டும். நான்கு ஞாயிற்றுக்கிழமை அவர்களே சொல்லித்தருவார்கள். "ஒன்றும் தெரியாமல் வரலாம்" என்று நோட்டீஸில் கொட்டை எழுத்து. இரண்டு பேர் ஓர் அணி. முதல் பரிசு அங்கேயே ஒரு வருட டிப்ளமோ, இலவசமாக.

ஒன்றும் தெரியாது என்பதில் என்னை அடிக்க இந்த ஜில்லாவில் ஆள் இல்லை. கை தூக்கினேன்.

ஜூலை 6

நைனாவிடம் சொன்னேன். கீழ்பென்னாத்தூர் ரோட்டில் பகலெல்லாம் வேன் ஓட்டிவிட்டு வந்த களைப்பில், "கேம் ஆடறதுக்கா ஞாயித்துக்கெழம டவுனுக்குப் போறே?" என்றார். ஆடுவதற்கு இல்லை, செய்வதற்கு என்றேன். "பிளஸ் டூ முடிச்சுட்டு டீச்சர் ட்ரெய்னிங் போ. கம்ப்யூட்டருக்கெல்லாம் நம்மால ஆவாது. சும்மா குடுத்தான்னா படி." சும்மா கொடுத்தால் படி. அதையே வாக்காக எடுத்துக்கொண்டேன். பரிசு கிடைத்தால் சும்மாதானே.

ஜூலை 18. ஞாயிறு

இரண்டாவது வகுப்பு. சென்டர் முதலாளி சக்கரபாணி சாரே எடுத்தார். கியூபேசிக். இருபது பக்கத்துக்கு ஒரு புத்தகம் கொடுத்தார்கள், வேனில் வரும்போதே முடித்துவிட்டேன். ஒரு வரி எழுதினால் அது நடக்கிறது! வீட்டில் நான் பத்து வார்த்தை பேசினாலும் ஒன்றும் நடப்பதில்லை.

எனக்கு ஜோடி அம்ருதா. என் வகுப்புதான். அப்பா பெரிய கோயிலில் குருக்கள். வீட்டில் கம்ப்யூட்டர் இருக்கிறது. வீட்டில் கம்ப்யூட்டர் இருக்கிறவளும் ஒன்றும் தெரியாதவள் கணக்கில் வருவாளா என்று கேட்கத் தோன்றியது. கேட்கவில்லை. அவளிடம் மெஷின் இருக்கிறது, என்னிடம் நோட்டு இருக்கிறது.

ஆகஸ்ட் 1

கேம் என்னவென்று முடிவு பண்ணிவிட்டேன். கிரிவலம். நடுவில் மலை, சுற்றி ரோடு, எட்டு லிங்கம். ஆள் நடப்பான். எதிரே ஆட்டோ வரும், ஒதுங்க வேண்டும். ஒவ்வொரு லிங்கத்துக்கும் பத்து பாயின்ட். நேற்று பௌர்ணமிக் கூட்டத்தில் நைனாவின் வேன் நகரவே இல்லை. பைபாஸில் மூன்று மணி நேரம் மலையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வேறென்ன தோன்றும்.

ஆகஸ்ட் 15

ஞாயிற்றுக்கிழமைகளில் அம்ருதா வீடு. நான் வாரமெல்லாம் நோட்டில் எழுதிக்கொண்டு போகிறேன், அவள் டைப் பண்ணுகிறாள். அவள் விரல்கள் மளமளவென்று ஓடும். நான் ஒவ்வோர் எழுத்தையும் தேட வேண்டும். "நீ படி, நான் அடிக்கறேன். நீ அடிச்சு முடிக்கறதுக்குள்ள தீபத் திருவிழாவே வந்துடும்" என்பாள். நானும் சிரிப்பேன்.

மத்தியானம் அவள் அம்மா "அம்ரு, சாப்ட வாடி" என்று கூப்பிடுவார்கள். அவர்கள் உள்ளே. நான் கம்ப்யூட்டர் அறையில் என் டப்பாவைத் திறப்பேன். கம்ப்யூட்டர் மேல் சோறு சிந்தாமல் பார்த்துக்கொள் என்று மட்டும் சொன்னார்கள். சிந்தவில்லை.

ஆகஸ்ட் 22

ஒரு விஷயம். கணக்குப் புத்தகத்தில் கோணம் கூடக் கூட இடமாகச் சுற்றும். அதை மாற்றி வலமாக்குவதற்காக நேற்று ராத்திரி நான்கு பக்கம் எழுதி வைத்திருந்தேன். இன்று போட்டுப் பார்த்தால், ஒன்றுமே மாற்றாமல் ஆள் தானாக வலமாகப் போகிறான்! இந்திர லிங்கத்தில் கிளம்பி அக்னி லிங்கம், எம லிங்கம் என்று ஒழுங்காக வரிசையில்.

அம்ருதா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "சாமியே வலமா சுத்த வெக்கிறார்டி."

சாமி இல்லை. வேனுக்குக் காத்திருக்கும்போது வேர்க்கடலைப் பொட்டலத்தின் தாளில் படம் போட்டு அவளுக்குக் காட்டினேன். "புஸ்தகத்துல மேல போனா எண்ணு ஜாஸ்தியாவும். ஸ்கிரீன்ல கீழ போனாத்தான் ஜாஸ்தியாவும். அதான் மாறுது." இரண்டு தடவை சொன்னபிறகு புரிந்தது அவளுக்கு. எனக்கு இன்றைக்கு முழுக்கச் சந்தோஷம்.

செப்டம்பர் 12

இன்று ஒரு திருட்டு வேலை பண்ணினேன். அவள் சாப்பிடப் போயிருந்தபோது நானே உட்கார்ந்து டைப் பண்ணினேன். லெஃப்ட் கீயை அழுத்தினால் ஆள் இடமாகவும் நடப்பான், அது முதலிலிருந்தே உண்டு. இடமாக ஒரு முழுச்சுற்று முடித்தால் ஸ்கிரீன் முழுக்க "இந்த கேமைச் செய்தது கே. தென்றல், XI-பி" என்று இங்கிலீஷில் வரும்.

அந்தச் சில வரி அடிக்க இருபது நிமிஷம். என் பெயருக்கே எழுத்து எழுத்தாகத் தேடினேன்.

ஏன் இடப்பக்கம் வைத்தேன்? வலப்பக்கம் முடிந்தால் "அண்ணாமலையாருக்கு அரோகரா" வரவேண்டும் என்று அவள் சொல்லிவிட்டாள். மேலும், சோதிக்கிறவர் எல்லாக் கீயையும் அழுத்திப் பார்ப்பார் அல்லவா? கடைசியில் என் பெயர் வந்து நிற்கும். அவர் திரும்பி என்னைப் பார்ப்பார். அதை நினைத்துக்கொண்டேதான் இன்று தூங்கப்போகிறேன்.

அக்டோபர் 10. ஞாயிறு

எழுதப் பிடிக்கவில்லை. எழுதாவிட்டால் தூக்கம் வராது.

இன்று போட்டி. ஓர் அணிக்கு ஐந்து நிமிஷம். நான் முதலில் உட்கார்ந்தேன். சக்கரபாணி சார், "மலைய பச்சைக் கலரா மாத்து பாப்பா" என்றார். எந்த வரி என்று எனக்குத் தெரியும். நோட்டில் எத்தனையாவது பக்கம் என்றுகூடத் தெரியும். எழுத்து ஒன்றும் கண்ணில் படவில்லை. ஒரு நிமிஷம் போயிருக்கும். "நீ எழுந்திரும்மா, அந்தப் பொண்ணு உக்காரட்டும்" என்றார்.

அவள் உட்கார்ந்தாள். "எந்த வரிடி?" என்று மெல்லக் கேட்டாள். காட்டினேன். மளமளவென்று மாற்றினாள். அவர் அவளைப் பார்த்துத் தலையாட்டினார்.

அப்புறம்தான் கேட்டார். "கோணம் கூடினா இடமாத்தானே சுத்தணும்? இது எப்டி வலமா போவுது?"

நான் வாயைத் திறப்பதற்குள் அம்ருதா, "ஸ்கிரீன்ல கீழ போனாத்தான் சார் எண்ணு ஜாஸ்தியாகும். அதான் மாறுது."

என் வாக்கியம். வேர்க்கடலைத் தாளில் இருந்தது அப்படியே.

"பேஷ்" என்றார் அவர்.

நான் விடவில்லை. "சார், லெஃப்ட் ஆரோ அழுத்தி ஒரு சுத்து வந்து பாருங்க சார்" என்றேன். சிரித்துவிட்டார். "இந்த ஊர்ல பொறந்துட்டு யாராச்சும் இடமா சுத்துவாங்களா பாப்பா?" பிறகு அவளிடம், "குருக்கள் பொண்ணு, நீ சுத்துவியா?"

"மாட்டேன் சார்."

எல்லோரும் சிரித்தார்கள். ஐந்து நிமிஷம் முடிந்தது.

எவ்வளவு முட்டாள் நான். நானும் இந்த ஊர்க்காரிதானே. மலையை இடமாகச் சுற்ற ஒருத்தனும் வரமாட்டான் என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டாமா? போயும் போயும் அங்கே கொண்டுபோய் என் பெயரை வைத்தேன்.

அக்டோபர் 11

முதல் பரிசு எங்களுக்குத்தான். அணிக்கு ஒரே ஓர் இடமாம். அது நோட்டீஸில் பொடி எழுத்து. சார் அம்ருதா பெயரை எழுதிவிட்டார். எனக்கு ஒரு சர்டிபிகேட், அதில் "பங்கேற்றார்."

"நான் என்னடி பண்றது, அவரே எழுதிட்டார்" என்றாள்.

"நீ சொல்லிருக்கலாம்ல?"

"அவர் கேக்கவே இல்லயே."

உண்மைதான். அவர் கேட்கவில்லை. கேட்காததற்கெல்லாம் பதில் சொல்லக்கூடாது என்று எந்தப் பாடத்தில் படித்தாளோ. கலர் மாற்றத் தெரியாதவளுக்கு பங்கேற்பு, கலர் மாற்றியவளுக்கு டிப்ளமோ. ஒன்றும் தெரியாமல் வரலாம் என்றார்கள். டைப் அடிக்கத் தெரிந்து வரவேண்டும் என்று ஒரு வரி சேர்த்திருந்தால் காசா செலவாகும்?

அக்டோபர் 12

நைனா கேட்டார். கிடைக்கவில்லை என்றேன். "நான்தான் சொன்னேன்ல" என்றுகூட அவர் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம்.

நவம்பர் 20

தீபத்துக்குக் கொடியேறிவிட்டது. ஊர் முழுக்க வெளியூர் ஆட்கள். சென்டர் வாசலில் பந்தல் போட்டு, ஒரு கம்ப்யூட்டரில் எங்கள் கேமை வைத்திருக்கிறார்கள். போகிற வருகிற பிள்ளைகள் ஆடுகிறார்கள். பக்கத்தில் அட்டை: "எங்கள் மாணவி டி. அம்ருதா உருவாக்கியது."

வரிசையில் நின்றேன். என் முறை வந்ததும் லெஃப்ட் அழுத்தினேன். ஆள் அசையவில்லை. மறுபடி அழுத்தினேன். இல்லை. ரைட் அழுத்தினால் ஓடுகிறான்.

அம்ருதா உள்ளேதான் இருந்தாள். "அத நான்தான் நிறுத்தினேன்டி. தீபம் பாக்க வர்றவங்க, கொழந்தைங்க, தெரியாம தப்பா சுத்திடக் கூடாதில்ல."

"இடமா சுத்தி முடிச்சா என்ன வரும்னு பாத்தியா?"

"புரோகிராம்ல பாத்தேன்."

"அந்த வரிய எடுத்துட்டியா?"

"எடுக்கல. அப்டியேதான் இருக்குது. யாரும் அங்க போவ முடியாது, அவ்ளோதான்."

எடுத்திருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது.

நவம்பர் 21

வயிற்றெரிச்சல். வேறொன்றும் எழுத இல்லை.

ஜனவரி 3, 2005

பஸ் ஸ்டாண்டு பக்கம் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் சேர்ந்தேன். காலை ஆறரை மணி பேட்ச். நைனா, "கம்ப்யூட்டர் வந்த காலத்துல தட்டுமிஷினா?" என்று சிரித்தார், ஆனாலும் முதல் டிரிப்பிலேயே ஏற்றிக்கொண்டு போகிறார். கீயைப் பார்த்தால் ராமகிருஷ்ணன் சார் ஸ்கேலால் மேஜையைத் தட்டுகிறார். நான் பார்ப்பதில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டே அடிக்கிறேன். சுவரில் யார் முகம் தெரிகிறது என்று இங்கே எழுதப்போவதில்லை.

ஜூலை 11

இந்த வருஷமும் அதே போட்டி, அதே நோட்டீஸ். கீழே ஒரு வரி புதிது: சென்ற ஆண்டு பங்கேற்றவர்கள் சேர முடியாது. என் சர்டிபிகேட்டுக்கு ஓர் உபயோகம் கிடைத்துவிட்டது.

அக்டோபர் 24

டைப்ரைட்டிங் லோயர் பாஸ். ஃபர்ஸ்ட் கிளாஸ்.

மே 29, 2006. திங்கள்

பிளஸ் டூ ரிசல்ட் வந்ததிலிருந்து வேங்கிக்காலில், கலெக்டர் ஆபீஸுக்கு எதிரே ஒரு டிடிபி கடையில் வேலை. லீவு முடிகிற வரைக்கும். திங்கட்கிழமை மனு நாள், மூச்சுவிட நேரமில்லை. ஜனங்கள் சொல்லச் சொல்ல நான் அவர்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டே அடித்து முடித்துவிடுவேன்.

பதினோரு மணிக்கு அம்ருதா வந்தாள். நான் அங்கே இருப்பது அவளுக்குத் தெரியாது. திரும்பிப் போய்விடுவாளோ என்று நினைத்தேன். போகவில்லை. "வீட்ல பிரிண்டர்ல இங்க் தீந்துபோச்சு" என்று ஒரு ஃப்ளாப்பியை நீட்டினாள். சென்னையில் ஒரு காலேஜில் அட்மிஷனுக்கு பயோடேட்டா கேட்கிறார்களாம்.

திறந்தேன். இங்கிலீஷில், நான்காவது வரி: நான் ஒரு கம்ப்யூட்டர் கேம் உருவாக்கி, மாவட்ட அளவில் முதல் பரிசு பெற்றேன்.

பிரிண்ட் கொடுக்கக் கை போனது. கொடுக்கவில்லை. அந்த "நான்" என்பதற்கு முன்னால் போய் நின்று, "கே. தென்றலும் நானும்" என்று வரும்படி சேர்த்தேன். இரண்டு விநாடி ஆகியிருக்கும். நான் கீயைப் பார்க்கவில்லை, அவளைப் பார்த்துக்கொண்டுதான் அடித்தேன். அவள் ஸ்கிரீனைப் பார்த்தாள். அந்த வரியைப் படித்தாள் என்று தெரிந்தது, உதடு அசைந்தது. பின்னால் பட்டா மனுவோடு நின்ற பெரியவர் "சீக்கிரம்மா" என்றார்.

"மூணு காப்பி போடுடி" என்றாள் அம்ருதா.

நான்கு எடுத்தேன். ஒன்று இந்த நோட்டுக்குள் இருக்கிறது.