அவரால் அழிக்க முடியாத கோடு

ஊஜ்தா,
வெள்ளிக்கிழமை

அன்புள்ள கெய்ரா அக்காவுக்கு, தங்கை யமீனா ஸலாம் சொல்லி எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். அங்கே உன் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன்.

பக்கத்து வீட்டு ரஷீதா எல்லைக்கு அந்தப் பக்கம் உங்கள் மக்னியாவுக்கு வருகிறாள். எல்லையைத் திறந்து பஸ் ஓடவிட்டால் ஒரு மணி நேரத்தில் வந்துவிடக்கூடிய ஊருக்கு, துனிஸ் போய் இரண்டு விமானம் மாறி வருகிறாள். அவளிடம் இந்தக் கடிதத்தையும் சுருட்டிய வரைபடம் ஒன்றையும் கொடுத்தனுப்புகிறேன். உம்மா படுத்த படுக்கையாகிவிட்டாள் என்று நீ போனில் சொன்னதிலிருந்து அங்கே வர வழி தேடிக்கொண்டிருக்கிறேன். என் இதய ஆபரேஷனுக்குப் பிறகு நான் விமானத்தில் ஏறவே கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். எல்லைக் கதவோ, நான் கல்யாணமாகி இங்கே வந்த கொஞ்ச காலத்தில் மூடியது, மூடியதுதான்.

படம் என் வீட்டுக்காரர் போட்டது. பள்ளிக்கூடத்தில் பூகோளம் நடத்துவது போதாதென்று, வரலாறு வேறு விதமாகப் போயிருந்தால் உலகம் எப்படி இருக்கும் என்று வரைந்துகொண்டிருந்தார். அதில் நம் கடலோரத்துப் பூர்வகுடிகளான பெர்பர் அரசர்கள் தோற்கவில்லை. அவர்களுக்கென்று தனி மார்க்கம், தனி வேதம். எகிப்தில் கிறிஸ்தவ மன்னர்கள். வடக்கே பனி நாட்டுக்காரர்கள் இன்னும் இடிக் கடவுளைத்தான் கும்பிடுகிறார்கள். ஆனால் ஆறு, மலை, மழை எதையும் இவர் தொடவில்லை. "மழைய மாத்துனா அது கதை, யமீனா. மழைய விட்டுட்டு ராஜாவ மாத்துனாத்தான் படம்" என்பார். வரலாற்று வாத்தியார் ஹம்மாதி ஒருநாள் வந்து, நம் சாம்ராஜ்யத்தைப் பாலைவனத்துக்கு அப்பாலும் நீட்டச் சொன்னார். "நீட்டுறேன். அத்தனை குதிரைக்கும் தண்ணி யாரு, உங்க மாமனாரா ஊத்துவாரு?" என்று இவர் கேட்டதும் ஹம்மாதி தேநீரைக் குடித்துவிட்டுக் கிளம்பிவிட்டார். இப்படிப்பட்ட மனிதரோடு வாழ்வதில் எனக்கு எவ்வளவு பெருமை என்று அவரிடம் சொன்னதில்லை. உன்னிடம் சொல்கிறேன்.

உம்மா படுத்த அன்று, ஊஜ்தாவையும் மக்னியாவையும் ஒரே நாடாக, ஒரே நிறத்தில் போடச் சொல்லி அழுதேன். அவரும் அழித்து அழித்துப் பார்த்தார். "ரெண்டு பக்கமும் பெரிய ஊரு, நடுவுல வெட்டவெளி. எந்த ராஜா வந்தாலும் இங்கதான் வந்து முட்டுறான், நான் என்ன செய்ய?" என்றார். எனக்குக் கோபம். பொய்க்காவது ஒரு கோட்டை அழிக்கத் தெரியாத மனுஷர் என்று திட்டிவிட்டு, அவர் முகத்தைப் பார்க்காமல் இருந்தேன்.

இன்று கூஸ்கூஸ் சாப்பிட்டதும் படத்தை விரித்துக் காட்டினார். கோடு அப்படியே இருந்தது. ஓரத்தில், அந்த மார்க்கத்தின் சட்டம் என்று ஒன்றைச் சேர்த்திருந்தார்: பெற்றவர் நோயில் கிடந்தால் பிள்ளைக்கு எல்லை இல்லை, மறிக்கும் காவலனின் நோன்பு ஏற்கப்படாது. ஆடு மேய்ப்பவர்கள் இரண்டு பக்கமும் போய்வரும் இடம், சொந்தம் இரண்டு பக்கமும் இருக்கும், அதனால் இப்படி ஒரு சட்டம் கட்டாயம் வந்திருக்கும் என்று எனக்கு விளக்கமெல்லாம் சொன்னார். பிறகு, "ராஜாக்கள என்னால சரிபண்ண முடியல, யமீனா. அவங்க பயப்படுற சாமிகிட்டத்தான் சொல்லிப் பாத்தேன்" என்றார். அந்தக் கைகளைப் பிடித்துக்கொண்டு வாய்விட்டு அழுதேன், அக்கா. பயப்படுவதற்கு நமக்கும்தான் அல்லாஹ் இருக்கிறான், இங்கே ஏன் திறக்க மாட்டேன் என்கிறார்கள் என்று கேட்க வாய் வந்தது. அவரிடம் கேட்டு என்ன ஆகப்போகிறது?

படத்தை உம்மாவின் கட்டிலுக்கு எதிரே மாட்டு. அல்லாஹ் அவளுக்கு வலியில்லாத தூக்கத்தையும், உன் கைகளுக்கு நிறைந்த பலத்தையும் தரட்டும். என் பங்கையும் சேர்த்து நீயே செய்துகொண்டிருக்கிறாய். இன்னும் ஒன்றே ஒன்று செய். நான் எங்கே என்று உம்மா கேட்டால், எல்லை தாண்டிவிட்டேன், வந்துகொண்டிருக்கிறேன் என்று சொல்.

உன் தங்கை,
யமீனா