பாறசாலைக்கு முன்னால் ஒரு மஞ்சள்

மைனி,

டீசல் ரயில் எஞ்சின் ஓட்டிய காலத்தில் என் சட்டையை நீங்கள் வீட்டுக்குள் கொண்டுவர விடமாட்டீர்கள். கிணற்றங்கரைக் கல்லில் கழற்றிப் போட்டால்தான் சோறு. மின்சார எஞ்சின் வந்தபிறகு அந்தச் சண்டை ஓய்ந்தது; இப்போதெல்லாம் வியர்வை தவிர எதுவும் ஒட்டுவதில்லை. இன்று வேலை முடிந்து வந்து சட்டையைக் கழற்றினேன். திரி எரிந்து அணைந்த மணம் அடித்தது. தேங்காயெண்ணெய்த் திரி. மோந்து பார்த்துவிட்டு அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன்.

உங்கள் புருஷனை, என் அண்ணனை, நம் பக்கத்து வழக்கப்படி வீட்டுக்குப் பின்னால், பின்வளவில்தான் அடக்கினோம். அன்று முதல் அந்திக்கு அவன் தலைமாட்டில் விளக்கு வைத்தீர்கள். எவ்வளவு பக்தி என்று ஊர் சொன்னது. காரணம் உங்களுக்கும் எனக்கும்தான் தெரியும். மீசையும் உருட்டு விழியுமாக ரப்பர் கடைக்காரர்களையெல்லாம் மிரட்டிக்கொண்டு திரிந்த மனுஷனுக்கு இருட்டு என்றால் பயம். சிறுவயதில் ராத்திரி வெளியே போக என்னைத்தான் எழுப்புவான். "எலே, கூட வாறியா? ஒனக்குப் பயமா இருக்குமேன்னாக்கும் கூப்பிடுகேன்" என்பான்.

பிறகு வீட்டை ஒட்டிப் போகும் ரயில் தடத்தை இரட்டைப் பாதையாக்க அளக்க வந்தார்கள். அளவுக்கல்லை நட்டது அண்ணனின் கால்மாட்டில். வீடு தப்பியது, பின்வளவு போயிற்று. எனக்கு அந்தப் பாதை வேண்டியிருந்தது, மைனி. அதை உங்களிடம் மறைத்ததில்லை. ஒற்றைப் பாதையில் எதிர்வண்டி வரும்வரை பாறசாலையில் நிறுத்திப் போட்டு, ஆபீசுக்குப் போகிறவர்களின் ஏச்சை வருஷக்கணக்கில் கேட்டவன் நான். அண்ணனை நம் ஆரியங்கோட்டு ரப்பர் நிலத்துக்கு மாற்றிவிடலாம் என்று சொன்னபோது நீங்கள் அழவில்லை. "அங்க அவியளுக்கு வழி தெரியாதே மக்கா" என்றீர்கள்.

தோண்டி எடுத்து, வெள்ளைத் துணியில் கட்டி, ஜீப்பில் கொண்டுபோய் அடக்கினோம். அன்று அந்தியில் அங்கே நீங்கள் ஏற்றிய விளக்கு நிற்கவில்லை. காற்றே கிடையாது, ரப்பர் இலை ஒன்றுகூட அசையவில்லை. நீங்கள் திரும்பத் திரும்ப ஏற்றினீர்கள். சுடர் தலை குனிந்து குனிந்து அணைந்தது. "எலும்புதான் வந்திருக்கு. அவிய அங்கயேதான் நிக்கியாவ" என்று சொல்லிவிட்டு எழுந்தீர்கள். எனக்குக் கோபம் வந்தது. எண்ணெயில் தண்ணீர் கலந்திருக்கும் என்றேன்.

மறுநாள் முதல் உங்கள் விளக்கு பழைய பின்வளவுக்கே திரும்பியது; அங்கே ரயில்வே மதில் எழும்பியதும் அதன் மேல் ஏறியது. எஞ்சினில் ஒரு வழக்கம் உண்டு. சிக்னலைக் கண்டதும் உதவியாளர் நிறத்தை உரக்கச் சொல்ல வேண்டும். ஓட்டுநர் தன் கண்ணால் பார்த்துவிட்டுத் திருப்பிச் சொல்ல வேண்டும். பார்க்காததைச் சொல்லக் கூடாது. புதுப் பாதையில் என் முதல் அந்தி வண்டியில், பாறசாலைக்கு முன்னால், உதவியாளர் "யெல்லோ" என்று கத்திவிட்டார். "அது சிக்னல் இல்ல ஓய், எனக்க மைனியாக்கும்" என்றேன். இரண்டு பேரும் சிரித்தோம். உங்களிடம் வந்து சொன்னபோது நீங்கள் சிரிக்கவில்லை.

"நான் போனா யாரு மக்கா வைப்பா?"

"நான் வைக்கேன் மைனி."

ரயில்காரன் என்றைக்கு அந்திக்கு வீட்டில் இருந்திருக்கிறான்? உங்களுக்கும் அது தெரியும். திரியை நிமிண்டிவிட்டீர்கள்.

இந்த மழைக்காலத்தில் காய்ச்சல் என்று படுத்தீர்கள், எழவில்லை. உங்களை ஆரியங்கோட்டில் அண்ணன் பக்கத்தில் அடக்கினோம். பாறசாலை வீட்டுச் சாவி என்னிடம் இருக்கிறது. மதிலில் எண்ணெய்க் கறை மட்டும் மிச்சம். நான் விளக்கு வைக்கவில்லை.

இன்று அந்தி வண்டியில் உதவிக்கு வந்தவள் நெய்யாற்றின்கரைக்காரி, வேலைக்குப் புதிது. நம் கதை எதுவும் அவளுக்குத் தெரியாது. தனுவச்சபுரம் தாண்டியதும் தூறல் பிடித்தது. நம் மதில் வரும் வளைவில் அவள் கையை நீட்டி, "டபுள் யெல்லோ, சாரே" என்றாள். இரண்டு மஞ்சள் சேர்ந்து எரிந்தால், கவனமாகப் போ என்று பொருள். ஆனால் அந்த இடத்தில் சிக்னலே கிடையாது. என் கண்ணுக்கு நனைந்த மதில் மட்டும்தான் தெரிந்தது.

"நல்லா பாரு மோளே. ஒண்ணுக்கு மேல ஒண்ணா?"

சிக்னலில் அப்படித்தான் நிற்கும். அவள் கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள்.

"இல்ல சாரே. ரெண்டும் பக்கத்துல பக்கத்துல நிக்குது."

பயமாக இருந்தது, மைனி, பொய் சொல்லமாட்டேன். கண்ணாடியெல்லாம் அடைத்திருந்த எஞ்சினுக்குள் அந்தத் திரி மணம் வந்தது. உங்களையும் ஆரியங்கோட்டில் நிறுத்த முடியவில்லை என்று அப்போதுதான் புரிந்தது. நான் திருப்பிச் சொல்வதற்காக அவள் காத்திருந்தாள்.

வேகத்தைக் குறைத்தேன். இத்தனை வருஷ வேலையில் கண்ணால் காணாததை வாயால் சொன்னது இதுதான் முதல் தடவை.

"டபுள் யெல்லோ" என்றேன்.

சட்டையை இன்னும் துவைக்கப் போடவில்லை.